மண் வாங்கும் முன் ஒரு கணக்கு

கடந்த ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, தாசேக் கெலுகோரில் எங்கள் தாமானுக்குள் இரண்டு லோரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. முதல் லோரி பின்பக்கத்தைத் தூக்கி எங்கள் வாசல் கேட்டின் முன்னால் மண்ணைக் கொட்டியது. இரண்டாவது லோரிக்கு அங்கே இடமில்லை. அந்த மண் பாதி சாலையிலும் பாதி பக்கத்து வீட்டு வாசலிலும் விழுந்தது. மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்தது. அரை மணி நேரத்தில் சாலை முழுக்கச் சிவப்புத் தண்ணீர். வீட்டு முன்னால் இருந்த கால்வாயில் சேறு நிரம்பிவிட்டது.

பக்கத்து வீட்டு பாக்சிக் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு சேர்ந்து கால்வாயைத் தோண்டினார். அதுதான் அப்பாவுக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது. இரவு ஒன்பது மணி வரை அப்பா, மாமா, நான், தம்பி, பாக்சிக் ஐந்து பேரும் சேறு அள்ளினோம். பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து, "தோட்டத்துல இருந்தப்ப மண்ண யாராவது காசு கொடுத்து வாங்குனோமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாட்டி கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆனால் இப்போது தாமான்களில் வாழும் நம்மில் பலர் மண்ணைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்குவது என்று ஆன பிறகு, சட்டை வாங்குவதுபோல் அளவு பார்த்து, தரம் பார்த்து வாங்க வேண்டாமா? சட்டை சரியில்லை என்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். கொட்டிய மண்ணை எந்த லோரியும் திரும்ப ஏற்றிக்கொண்டு போகாது. அந்த ஒரு நாள் எனக்குக் கற்றுக்கொடுத்ததையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

வீட்டு மண்ணுக்கு என்ன ஆனது?

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு மரம் இருக்கிறது. தாசேக் என்றால் ஏரி. கெலுகோர் என்பது ஒரு புளிப்புக் காய் மரம். அதன் காயைச் சீவிக் காயவைத்ததுதான் சமையலுக்குப் பயன்படும் அசாம் கெப்பிங். பினாங்கு அசாம் லக்சாவில் அந்தப் புளிப்பு இருக்கும். சுற்றிலும் நெல் வயல்களும், ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் இருந்த செபராங் பிறை வடக்குப் பகுதி இது. இங்கே செடி வளர்ப்பது ஏன் இவ்வளவு கடினம்?

வீடமைப்புத் திட்டம் வரும்போது முதலில் நடப்பது நிலத்தைச் சமப்படுத்துவது. இலைகளும் வேர்களும் மட்கி, மண்புழுக்கள் வாழும் மேல்மண் அப்போது வழித்து எடுக்கப்படுகிறது. தாழ்வான இடம் என்றால் வேறெங்கோ வெட்டிய செம்மண்ணைக் கொட்டி மேடாக்குகிறார்கள். பிறகு ரோலர் வண்டி ஓடி அதை இறுக்குகிறது. வீடு உறுதியாக நிற்க அந்த இறுக்கம் தேவைதான். ஆனால் செடியின் வேருக்குக் காற்றும் வேண்டும், தண்ணீர் இறங்க வழியும் வேண்டும். இறுகிய மண்ணில் இரண்டும் கிடையாது. போதாததற்கு, கட்டடம் முடிந்ததும் மிச்சமிருக்கும் செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி எல்லாம் அதே மண்ணுக்குள் புதைந்துவிடுகின்றன.

ஒரு சில அங்குல மேல்மண் இயற்கையாக உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள் மண் அறிவியலாளர்கள். ஐக்கிய நாடுகள் சபை 2015-ஆம் ஆண்டை அனைத்துலக மண் ஆண்டாக அறிவித்ததும், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 5-ஆம் தேதி உலக மண் நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதும் இதை நினைவூட்டத்தான்.

உங்கள் வீட்டு மண் எப்படி என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் ஒரு குழி தோண்டுங்கள். அதில் தண்ணீரை நிரப்பி வடிய விடுங்கள். மீண்டும் நிரப்பி, ஓர் அடிக்கோலை நட்டு வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 செண்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் வடிகால் மோசம். அங்கே குழி தோண்டி நல்ல மண்ணைப் போட்டு நட்டாலும், மழைக்காலத்தில் அந்தக் குழி ஒரு வாளியைப்போல் தண்ணீரைத் தேக்கி வேரை அழுகச் செய்துவிடும். அடிமண்ணைக் கிளறி இளக்க வேண்டும், அல்லது தரைக்கு மேலே பாத்தி கட்ட வேண்டும்.

"ரெண்டு லோரி போதும்"

எங்கள் வீட்டில் நடந்த முதல் தவறு கணக்கில். மாமா வாசலில் நின்று ஒருமுறை பார்த்தார். "ரெண்டு லோரி போதும்" என்றார். அப்பா தொலைபேசியில் சொல்லிவிட்டார். யாரும் அளவுநாடாவை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை என்ற பெயர் மட்டும் எனக்கு இருந்தது.

மறுநாள் அளந்து பார்த்தேன். பாத்தியின் நீளம் 6 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். 25 செண்டிமீட்டர் உயரத்துக்கு மண் வேண்டும். தொடக்கப் பள்ளியில் நாம் எல்லோரும் படித்த கணக்குதான்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு.

6 × 1.2 × 0.25 = 1.8 கன மீட்டர்.

லோரியிலிருந்து கொட்டும்போது மண் பொலபொலவென்று இருக்கும். தண்ணீர் பட்டு ஒரு மாதத்தில் அமுங்கிவிடும். அதற்காக 20 விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம். ஆக 2.16 கன மீட்டர்.

வந்த லோரியின் பெட்டி 3 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். மண் அரை மீட்டர் உயரத்துக்கு இருந்தது. ஒரு லோரிக்கு 2.55 கன மீட்டர். இரண்டு லோரிக்கு 5.1 கன மீட்டர். எங்களுக்கு ஒரு லோரியே அதிகம்! ஏறத்தாழ 3 கன மீட்டர் மண்ணைத் தேவையில்லாமல் வாங்கியிருக்கிறோம். சற்று ஈரமான மண் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.3 டன் எடை இருக்கும். அப்படியென்றால் கிட்டத்தட்ட 4 டன் மண்ணைச் சாலையில் கொட்டிவிட்டு, மழையோடு போராடிக்கொண்டிருந்தோம்.

இந்தக் கணக்கில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கடைகளில் இன்னும் அடி, அங்குலத்தில்தான் பேசுகிறார்கள். 20 அடி நீளம், 4 அடி அகலம், 10 அங்குல உயரம் என்றால் மூன்றையும் அப்படியே பெருக்கக்கூடாது. 10 அங்குலத்தை 12-ஆல் வகுத்து அடியாக்கிய பிறகே பெருக்க வேண்டும். விடை சுமார் 67 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. ஆகவே 67-ஐ 35.3-ஆல் வகுத்தால் சுமார் 1.9 கன மீட்டர். அங்குலத்தை மாற்ற மறந்தால் 800 என்று விடை வரும். மண்ணைக் கொட்ட ஒரு திடல் தேவைப்படும்.

தொட்டிச் செடிகள் மட்டும் வைக்கப்போகிறீர்களா? அப்படியானால் லோரியே வேண்டாம். 30 செண்டிமீட்டர் விட்டமும் 30 செண்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டிக்குச் சுமார் 21 லிட்டர் மண் போதும். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். அதாவது 50 லிட்டர் பை இருபது. பத்து தொட்டிக்குக் குறைவு என்றால் பையாக வாங்குவதே நல்லது. அதற்கு மேல் போனால் இரண்டு விலையையும் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

லோரியில் என்ன வருகிறது?

இரண்டாவது தவறு, "மண்" என்று மட்டும் சொன்னது. என்ன மண் என்று நாங்கள் கேட்கவில்லை; விற்றவரும் சொல்லவில்லை. கடைகளில் கிடைப்பவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை.

செம்மண்: மலிவு. தரையை மேடாக்க உதவும். நம் நாட்டுச் செம்மண் வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கரைந்து, சத்துகள் அடித்துச் செல்லப்பட்ட மண். அமிலத்தன்மையும் அதிகம். அதில் மட்டும் செடி நட்டால் உயிரோடு இருக்கும், செழிக்காது.

கருமண்: இந்தப் பெயரில் விற்பது எல்லாம் ஒன்றல்ல. சில உண்மையான மேல்மண். சில சதுப்பு நிலக் கரிமண். மலாயில் 'தானா கம்புட்' என்பார்கள். அது பார்க்கக் கறுப்பாக, மென்மையாக இருக்கும். ஆனால் கடும் அமிலத்தன்மை உடையது. காய்ந்தால் தண்ணீரை ஏற்காமல் தள்ளும். நம் நாட்டில் சுமார் 25 லட்சம் ஹெக்டர் சதுப்புக் கரிநிலம் உள்ளது. அதில் பெரும்பகுதி சரவாக்கில். பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த கரியைத் தாங்கி நிற்கும் நிலம் அது. நீர் வடிக்கப்பட்டால் அந்தக் கரி காற்றில் கலக்கும், வறட்சியில் தீப்பற்றும். அதே வேலையைச் செய்யும் மட்கு உரம் கிடைக்கும்போது அதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மணல்: வடிகாலுக்கு உதவும். ஆனால் களிமண்ணோடு கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. களிக்கு நடுவே மணல் சிக்கி, காய்ந்ததும் செங்கல்போல் இறுகிவிடும். களிமண்ணை இளக்குவது மட்கிய இலையும் சாணமும்தான்.

உமி: நெல் விளையும் செபராங் பிறைக்கு உமி புதிதல்ல. கருக்கிய உமியை மண்ணோடு கலந்தால் காற்றோட்டம் கூடும். பச்சை உமியை மேலே மூடாக்காகப் போடலாம்.

செம்பனைக் காலிக் குலை: பழம் உதிர்த்த பிறகு ஆலையில் மிஞ்சும் குலை. நல்ல மூடாக்கு. ஆனால் மட்கும் குவியலில் தென்னையையும் செம்பனையையும் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். குவித்து வைக்காமல் மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும்.

பாத்திக்கு இவற்றில் ஒன்றை மட்டும் வாங்கத் தேவையில்லை. நம் நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் விகிதம் 3:2:1. மேல்மண் மூன்று பங்கு, மட்கு உரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. எங்கள் 2.16 கன மீட்டரை ஆறு பங்காக்கினால் ஒரு பங்கு 0.36. அப்படியென்றால் மேல்மண் 1.08, மட்கு உரம் 0.72, மணல் 0.36 கன மீட்டர். இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு சிறிய லோரி இரண்டு நடை வந்திருந்தாலே போதும்.

தரத்தைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் தங்கும். இரண்டொரு மணி நேரத்தில் வண்டல் தங்கும். களி தங்க ஒரு நாளுக்கு மேலாகும். மேலே மிதப்பது மட்கிய பொருள். எந்த அடுக்கு எவ்வளவு தடிமன் என்று அடிக்கோலால் அளந்தாலே மண்ணின் குணம் தெரிந்துவிடும். வாங்குவதற்கு முன்பே கடைக்குப் போய் ஒரு பை மண் எடுத்து வந்து இதைச் செய்யலாம்.

கையால் கிளறியும் பாருங்கள். வெள்ளையான, கூர்மையான, மூட்டு மூட்டான கிழங்குத்தண்டு தெரிந்தால் அது லாலாங். சிறு கொட்டைபோல் கறுப்புக் கிழங்கு தெரிந்தால் கோரை. இரண்டும் ஒரு துண்டு மண்ணோடு வந்தாலே வாசல் முழுக்கப் பரவிவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

லோரி வரும் முன்

தொலைபேசியில் "ஒரு லோரி" என்று சொல்லாதீர்கள். "இத்தனை கன மீட்டர்" என்று சொல்லுங்கள். லோரிப் பெட்டியின் அளவைக் கேளுங்கள். மண் எங்கிருந்து வருகிறது, கட்டுமான இடத்தில் தோண்டியதா, சலித்ததா என்று கேளுங்கள். விலையில் ஏற்றுக்கூலி சேர்ந்ததா என்று கேளுங்கள். பேசி முடித்ததைப் புலனத்தில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள். "தவுக்கே ரொம்ப நாளா தெரிஞ்சவரு, என்னத்த கேக்குறது" என்பார்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல வியாபாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கொட்டும் இடத்தை முந்தைய நாளே முடிவு செய்து, தார்ப்பாய் விரித்து வைக்க வேண்டும். மேலே மூட இன்னொன்றும் வேண்டும். கால்வாய் மூடியின் மேல் லோரி ஏறக்கூடாது. பொதுச் சாலையிலும் கால்வாயிலும் இடையூறு செய்வது 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி குற்றம். சட்டத்தைவிட முக்கியமானது, அடைபட்ட கால்வாயின் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கையும் செபராங் பிறையையும் மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. அப்போது நான் தொடக்கப் பள்ளி மாணவி. அலமாரியின் மேல் தட்டில் என் பள்ளிப் புத்தகங்களை அம்மா அடுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதே காரணத்துக்காகத்தான் வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணைக் குவிக்கக்கூடாது. வீட்டுத் தரை மட்டத்துக்கு ஒரு சாண் கீழேயே மண்ணின் உயரம் நிற்க வேண்டும். இல்லையென்றால் சுவர் ஈரம் குடிக்கும். கரையான் சத்தமில்லாமல் உள்ளே நுழையும். பக்கத்து வீட்டு வாசலைவிட நம் வாசல் உயர்ந்தால் நம் மழைத் தண்ணீர் அங்கேதான் போகும். வரிசை வீடுகளில் இதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

மாதத்தையும் பாருங்கள். நம் வட மாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். மண் வேலைக்கு ஏற்றவை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கனமழை. நாங்கள் தீபாவளியை நினைத்தோம், மழையை நினைக்கவில்லை.

கையுறை போடுங்கள்

சேறு அள்ளிய அந்த இரவு பாட்டியும் வெறுங்காலோடு இறங்கி வந்துவிட்டார். மறுநாள் என் தோழியிடம் சொன்னபோது அவள் திட்டினாள். அவள் மருத்துவத் துறையில் படிப்பவள்.

நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வாழ்கிறது. தோலில் உள்ள கீறல் வழியாகவோ, சேற்றுத் துளியைச் சுவாசிப்பதாலோ உடலுக்குள் நுழையும். கனமழைக்குப் பிறகு இந்த ஆபத்து கூடும். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு உயிரையே பறிக்கக்கூடியது. நம் குடும்பங்களில் இனிப்பு நீர் இல்லாத வீடு எத்தனை? பாட்டிக்குப் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறது.

பயந்து தோட்ட வேலையை விடத் தேவையில்லை. பூட்ஸ், கையுறை, புண் இருந்தால் நீர் புகாத கட்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், இவை போதும். மண் வேலை செய்த பிறகு விடாத காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "மண்ணில் வேலை செய்தேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போது எங்கள் வீட்டு வாசலில் பாட்டிக்கென்று ஒரு ஜோடி மஞ்சள் பூட்ஸ் நிற்கிறது. முதலில், "இத போட்டுக்கிட்டா ரப்பர் வெட்டுனேன்?" என்றார். இப்போது கோயிலுக்கும் போட்டுக்கொண்டு போய்விடுவாரோ என்று அம்மா கேலி செய்கிறார்.

ஏடிஸ் கொசுவையும் மறக்கக்கூடாது. தொட்டித் தட்டு, இலைக்கு நடுவே தண்ணீர் தேங்கும் அழகுச் செடி, தார்ப்பாயின் மடிப்பு எல்லாம் அதற்கு வீடுதான். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு கண்டெடுக்கப்பட்டால் அபராதம் விதிக்கலாம்.

செடியைத் தேர்ந்தெடுக்கும் வரிசை

நாற்றுக் கடைக்குப் போனால் நாம் பூவைத்தான் பார்க்கிறோம். பூ பிடித்தால் வாங்கி வந்து, அதன் பிறகு எங்கே வைப்பது என்று வாசலில் நின்று யோசிக்கிறோம். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் இடம், பிறகு செடி.

ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு மணிக்கு வாசலைக் கைப்பேசியில் படம் எடுங்கள். வெயில் எங்கே எவ்வளவு நேரம் விழுகிறது என்று தெரிந்துவிடும். ஆறு மணி நேர வெயில் உள்ள இடத்தில் மல்லிகை, செம்பருத்தி, துளசி, மிளகாய், காகிதப்பூ. பாதி நிழலில் வெற்றிலைக் கொடி, மஞ்சள், இஞ்சி. ஈரம் தங்கும் மூலையில் பாண்டான்.

அடுத்து, அந்தச் செடி முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று கேளுங்கள். எங்கள் ஊருக்குப் பெயர் தந்த கெலுகோர் மரமே 20 மீட்டர் உயரம் போகும். வரிசை வீட்டு வாசலுக்குப் பொருந்தாது. ஆல், அத்தி இன மரங்கள் சிறு தொட்டியில் அழகாக இருக்கும். தரையில் வைத்தால் வேர் கால்வாயைப் பெயர்த்துவிடும். முருங்கை வைக்கலாம். ஆனால் அதற்குத் தண்ணீர் தேங்கக்கூடாது, கிளை எளிதில் முறியும். ஆளுயரத்தில் அடிக்கடி வெட்டிவிட வேண்டும், கீரையும் எட்டும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம். அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. எலுமிச்சை வகைகளையும் கறிவேப்பிலையையும் அருகருகே வைத்தால் இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி பாருங்கள். எலுமிச்சை இனத்தைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்பும் சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலையும் பிடித்த உணவு.

பாட்டியின் கறிவேப்பிலை

அந்தத் தீபாவளி வேலை முழுவதும் தொடங்கியதே ஒரு கறிவேப்பிலைச் செடிக்காகத்தான். தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறியபோது பாட்டி கொண்டு வந்த பொருள்களில் அதுவும் ஒன்று. பெரிய மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்றைப் பெயர்த்து, பால் டின்னில் வைத்துக் கொண்டு வந்தாராம். பல ஆண்டுகள் தொட்டியிலேயே இருந்த அதைத் தரையில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

புது மண்ணில் வைத்தோம். ஒரே மாதத்தில் இளம் இலைகள் வெளுத்து மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பக்கத்தில் வைத்த இட்லிப்பூச் செடிக்கும் அதே கதி. அப்பா உரம் போட்டார். மாமா இன்னும் கொஞ்சம் போட்டார். இன்னும் மோசமானது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அந்தச் செடியின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார், அவ்வளவுதான்.

விடுமுறைக்கு வந்தபோது போத்தல் சோதனை செய்தேன். அடியில் மணலோடு சாம்பல் நிறத் துண்டுகள். தோண்டிப் பார்த்தால் சிமெண்டுக் கட்டிகள், ஓட்டுச் சில்லுகள். அமில, காரத் தன்மையைக் காட்டும் தாளில் 8 என்று வந்தது. எங்கள் மண், கட்டுமான இடத்துக் கழிவோடு கலந்தது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிட்டது. காரமண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. சற்றே அமிலத்தன்மையை விரும்பும் கறிவேப்பிலையும் இட்லிப்பூவும்தான் முதலில் மஞ்சளாகும். உரம் எவ்வளவு போட்டாலும் தீராது. சத்து இல்லாதது பிரச்சினை அல்ல, மண் தவறு.

செடியைப் பெயர்த்து, வேரைக் கழுவி, 3:2:1 கலவையில் ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றினோம். பாதி கிளைகளை வெட்டி, இரண்டு வாரம் நிழலில் வைத்தோம். பாத்தி மண்ணைச் சலித்துக் கட்டிகளை எடுத்தோம்; பதினொரு வாளி வந்தது. மட்கிய இலையைக் கலந்து வருகிறோம். அது சரியாக ஓர் ஆண்டாவது ஆகும். அதுவரை அங்கே காகிதப்பூ நிற்கிறது. அதற்கு இந்த மண் பெரிதாக உறுத்தவில்லை.

பினாங்கு என்ற ஊரே வெளியிலிருந்து வந்த செடிகளால் வளர்ந்தது. 1790-களில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்கஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்பு நாற்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டது. 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். அவை வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கின்றன. பால் டின்னில் வந்த கறிவேப்பிலை எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கு வந்த பல குடும்பங்களில் இப்படி ஒரு செடி இருக்கும். அதைக் காப்பாற்றும் அறிவு பாட்டிமார்களுக்குத் தோட்டத்து மண்ணில் கிடைத்தது. தாமான் மண் அவர்களுக்குப் புதிது. இங்கே அளவுநாடாவும் கண்ணாடிப் போத்தலும் தேவைப்படுகின்றன. அவற்றைக் கையில் எடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது "ஒரு லோரி மண் போடலாமா?" என்று கேட்டால், உடனே தலையாட்டாதீர்கள். "கொஞ்சம் இருங்க, அளந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

கடந்த வாரம் பாட்டி தொலைபேசியில் அழைத்தார். கறிவேப்பிலையில் மூன்று புதுக் கொழுந்து விட்டிருக்கிறதாம். மூன்றும் பச்சையாம். "நீ வந்தாத்தான் கிள்ளுவேன்" என்றார்.